மண்ணைத் தொடுவதற்கு முன் மாட்டிக் கழற்றப் பழகுங்கள்

கேள்வி: எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு, ஊடுபயிராக வாழை. பழைய 22 எச்.பி. மினி டிராக்டர் ஒன்றை ரொட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் கருவி), ஐந்து கொத்துக் கலப்பையோடு வாங்கினோம். கணவருக்குத் திருப்பூரில் வேலை, ஞாயிறு மட்டும்தான் வருவார். ஆள் கிடைக்காததால் நானே பழகுகிறேன். இதுவரை ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டியிருக்கிறேன். ரொட்டவேட்டரை மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஓட்டினாலோ வண்டி துள்ளுகிறது. எங்கே தவறு?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மணி, நீங்களே ஓட்டப் பழகுவது எனக்கு மிகவும் சந்தோஷம். பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பில் என் மகள்தான் இப்போது ஓட்டுகிறாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மாட்டுவதற்குச் சமதளம் வேண்டும். வரப்போரம் சாய்வாக நிறுத்திய ரொட்டவேட்டரோடு எந்தக் கெட்டிக்காரராலும் மல்லுக்கட்ட முடியாது. மெதுவான ரிவர்ஸ் கியரில் நேராகப் பின்னால் வாருங்கள். டிராக்டருக்குப் பின்னால் நீளும் இரண்டு இரும்புக் கைகளையும் ஏற்றி இறக்குவது ஹைட்ராலிக் லீவர்; அதை விரல் விரலாக நகர்த்தி, இடது இரும்புக் கையின் துளையை ரொட்டவேட்டரில் இருக்கும் பின்னுக்கு (முளைக்கு) நேராகக் கொண்டுவந்து முதலில் அதை மாட்டுங்கள். வலது இரும்புக் கைக்கு மேலே சுற்றும் கைப்பிடி இருக்கும். ஏற்ற இறக்கத்தை அதில் சரிசெய்துகொள்ளலாம், அதனால்தான் அது இரண்டாவது. பிறகு டாப் லிங்க், அதாவது நடுவில் மேலே மாட்டும் கம்பி. கடைசியாக, இன்ஜினை அணைத்துவிட்டு, பி.டி.ஓ. ஷாஃப்ட், அதாவது இன்ஜின் சக்தியை ரொட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் சுழல்தண்டு. பூட்டு விழுந்த சத்தம் கேட்டாலும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கழற்றும்போது இதே வரிசை தலைகீழ். வேறு யாராவது வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நீங்கள் வண்டிக்கும் ரொட்டவேட்டருக்கும் நடுவில் நிற்கவே கூடாது. மகளை நான் முதல் வாரம் முழுக்க உழவே விடவில்லை. களத்தில் மாட்டுவதும் கழற்றுவதும்தான்.

சரி, துள்ளல். மண் காய்ந்து இறுகியிருக்கும், அல்லது வேகம் அதிகமாக இருக்கும். ஒரு பிடி மண்ணை உருட்டி மேலிருந்து போடுங்கள்; உதிர்ந்தால் ஓட்டலாம். கல்போல இருந்தால் முதலில் ஐந்து கொத்தில் ஒரு சால் கீறிவிட்டு அப்புறம் ரொட்டவேட்டர் போடுங்கள். ரொட்டவேட்டரைத் தரையில் இறக்கிவைத்து பி.டி.ஓ.வைப் போடாதீர்கள். சற்றுத் தூக்கிய நிலையிலேயே சுழலவிட்டு, லோ கியரில் நகர்ந்துகொண்டே மெல்ல இறக்குங்கள். திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். தென்னையைச் சுற்றி ஆறடிக்குள் போகவேண்டாம், வேர் அறுபடும்.

உங்கள் வண்டி ஒற்றை கிளட்சா, இரட்டை கிளட்சா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒற்றை என்றால் கிளட்சை மிதித்ததும் பி.டி.ஓ.வுக்குப் போகும் சக்தியும் நின்றுவிடும். இரட்டையில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், பின்னால் கத்தி சுற்றிக்கொண்டே இருக்கும்.

அந்த ஷாஃப்டைப் பற்றித்தான் எனக்குப் பயம். நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு ஒன்பது. சேலை முந்தானையோ துப்பட்டா நுனியோ பட்டால் கையை எடுக்க நேரம் இருக்காது. கொண்டையை இறுக்கிக் கட்டி, துப்பட்டா இல்லாத சுடிதாரோ பேன்ட் சட்டையோ போட்டுக்கொள்ளுங்கள். ஷாஃப்டின் மேல் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் புதிது வாங்கிப் போட்ட பிறகே ஓட்டுங்கள். கத்தியில் வாழைச் சருகு சுற்றினால் பி.டி.ஓ.வை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

பட்டுப்போன தென்னையின் தூரைப் பிடுங்க நான் ஒருமுறை சங்கிலியை டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டி இழுத்தேன். முன்சக்கரம் இரண்டும் இடுப்புயரம் எழும்பின. கால் கிளட்சில் இருந்ததால் பிழைத்தேன். எதை இழுத்தாலும் கீழே இருக்கும் கொக்கியில்தான் கட்ட வேண்டும். வாய்க்கால் மேட்டில் ஏறும்போதும் இதே ஆபத்து உண்டு, பின்னால் எடுத்து ஏறுங்கள்.

தோப்பில் குறுகத் திரும்ப ஒரு பக்க பிரேக்கை மட்டும் மிதிக்கலாம். ரோட்டுக்கு வந்தால் இரண்டு பெடலையும் கொண்டி போட்டு இணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி கவிழும். ரோட்டில் போக ஸ்கூட்டர் உரிமம் செல்லாது, தனியாக எடுக்க வேண்டும். அதுவரை தோப்புக்குள்ளேயே ஓட்டுங்கள்.