ஹோல்டர் அறிக்கையில் 1,140 தப்புத் துடிப்புகள்: பயப்பட வேண்டுமா?

கேள்வி: நான் 44 வயதுப் பெண். மன்னார்குடி அருகே ஒரு கிராமம். சில மாதங்களாக இரவில் இடது பக்கம் சாய்ந்து படுத்தால் நெஞ்சு ஒரு கணம் நின்று, பிறகு ‘தொம்’ என்று அடிக்கிறது. மயக்கம் வந்ததில்லை. இதயத் துடிப்பை 24 மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் பரிசோதனையில் மொத்தம் 1,02,000 துடிப்புகளில் 1,140 வி.பி.சி. (தப்புத் துடிப்பு) என்றும், எக்கோவில் (இதய ஸ்கேன்) இ.எஃப். 62%, மிட்ரல் வால்வில் (இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வு) மிகச் சிறிய கசிவு என்றும் எழுதியுள்ளார்கள். இதயம் 62% தான் வேலை செய்கிறதா? ஆஞ்சியோ செய்ய வேண்டுமா?

பதில்: முதலில் அந்த 62 சதவீதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தேவையற்ற அச்சத்தை அதிகம் தருவது அந்த எண்தான். இடது கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வெளியேறுகிறது என்பதையே அது காட்டுகிறது. எந்த இதயமும் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. 55 முதல் 70 வரை இயல்பு. ஆகவே உங்கள் இதயத் தசை நல்ல வலுவுடன் இருக்கிறது. குறிப்பிட்டுள்ள கசிவும் ஆரோக்கியமானவர்கள் பலரிடம் காணப்படுவதே.

வி.பி.சி. என்பது கீழறையிலிருந்து முறைக்கு முன்னதாகவே எழும் ஒரு துடிப்பு. அதற்குப் பின் சிறிய இடைவெளி வருகிறது; அந்த நேரத்தில் இதயம் வழக்கத்தைவிடக் கூடுதலாக நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக விழுகிறது. நீங்கள் உணரும் ‘தொம்’ அதுவே. இடது பக்கம் படுக்கும்போது இதயம் மார்புச் சுவரை நெருங்குவதாலும், ஊர் அடங்கிய நேரத்தில் கவனம் முழுவதும் அங்கேயே செல்வதாலும் இரவில் அது பெரிதாகத் தெரிகிறது. உங்கள் கணக்கில் இவை சுமார் 1 சதவீதம். 10 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் நாளடைவில் தசை பலவீனமாகக்கூடும் என்று நாங்கள் கவலைப்பட்டுத் தொடர்ந்து கவனிப்போம்.

நம் பகுதியில் சிறு வயதில் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து ருமாட்டிக் காய்ச்சல் வந்து, பின்னாளில் மிட்ரல் வால்வு சுருங்கி, மேலறை தாறுமாறாகத் துடிக்கும் நிலைக்கு வந்தவர்களை இன்றும் பார்க்கிறோம். அதில் இரத்தக் கட்டி உருவாகிப் பக்கவாதம் வரலாம் என்பதால்தான் படபடப்பு என்றவுடன் எக்கோ எடுக்கச் சொல்கிறோம். உங்கள் எக்கோவில் வால்வுச் சுருக்கம் இல்லை என்பது எனக்கு மிகுந்த நிம்மதி தருகிறது.

இதயத்தைவிட இரத்தத்தைப் பரிசோதிப்பதே இப்போது முக்கியம். மாதவிடாயில் அதிக இரத்தப்போக்கு இருந்தும் சொல்லத் தயங்கி, நடவும் களையெடுப்பும் வீட்டு வேலையுமாக உடலை வருத்திக்கொள்ளும் பெண்களிடம் ஹீமோகுளோபின் 8, 9 என்று இருப்பதைக் காண்கையில் வருத்தமாக இருக்கிறது. 12 கிராமுக்குக் குறைந்தாலே அது இரத்தசோகை. அதோடு தைராய்டு, பொட்டாசியம் அளவுகளையும் பார்த்துவிடுங்கள். மாலைக்குப் பிறகு காபியைத் தவிர்த்துப் பாருங்கள். மூக்கடைப்பு மாத்திரையும் ஆஸ்துமா இன்ஹேலரும் படபடப்பைத் தூண்டலாம் என்பதால், பயன்படுத்தினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

இதயத்தின் இரத்தக்குழாய்களில் அடைப்பு உள்ளதா என்று பார்க்கும் ஆஞ்சியோ, இதற்காக மட்டும் தேவையில்லை. நடக்கும்போது நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இருந்தால் கணக்கு வேறு. பிறருக்கு எழுதிக் கொடுத்த படபடப்பு மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். அவற்றுள் சில ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானவை.

ஓடியாடும்போது படபடத்து மயங்கி விழுதல், நெஞ்சுவலியோடு வியர்த்தல், நிற்காமல் தொடரும் வேகமான துடிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். குடும்பத்தில் இளவயதில் யாரேனும் திடீரென்று இறந்திருந்தால், அதையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மற்றபடி படபடப்பு நீடிக்கும் ஒரு நாளில், அது அடங்குவதற்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்து, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். துடிப்பு சீராக இருக்கும்போது எடுத்த பத்து இ.சி.ஜி.க்களைவிட அந்த ஒன்று எங்களுக்கு அதிகம் உதவும்.