மருத்துவமனைக் கட்டணக் கோப்பு: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்க மருத்துவமனைகளுக்குக் கட்டணக் கோப்பு தயாரித்துக் கொடுப்பது என் வேலை. 2021 ஜனவரி 1 முதல் அங்குள்ள மருத்துவமனைகள் தங்கள் கட்டணங்களை ஒரு கோப்பாக இணையத்தில் வெளியிட்டாக வேண்டும். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

எங்களுடையது 25 படுக்கை மருத்துவமனை. எங்களுக்கும் உண்டா சார்?

உண்டு. அபராதத்தில்தான் வித்தியாசம். 30 படுக்கை வரை நாளுக்கு 300 டாலர். அதற்கு மேல் படுக்கைக்கு 10 டாலர், உச்சம் 5,500. இது 2022-ல் வைத்த கணக்கு, பணவீக்கத்துக்கு ஏற்பக் கொஞ்சம் ஏறும். 400 படுக்கை இருந்தால் வருஷத்துக்கு 14 லட்சத்து 60 ஆயிரம் டாலர்.

பிடிஎஃப் போட்டால் போதுமா?

போதாது. கணினி நேரடியாகப் படிக்கும் சிஎஸ்வி அல்லது ஜேசன் வடிவம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல், இந்த விதியை நடத்தும் அமெரிக்க அரசு அமைப்பான சிஎம்எஸ் கொடுத்த வார்ப்புருவில்தான் இருக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு எங்கள் ஒப்பந்தம் "பில் தொகையில் 65 சதவீதம்" என்று இருக்கிறது. கோப்பில் எந்தத் தொகையைப் போடுவது?

அருமையான கேள்வி. பலர் சறுக்கும் இடம் இதுதான். சதவீதத்தை வைத்துக்கொண்டு நோயாளி என்ன செய்வார்? அதனால்தான் 2025 ஜனவரியிலிருந்து, சதவீதத்தோடு டாலரில் ஒரு மதிப்பீடும் கேட்டார்கள். பல மருத்துவமனைகள் தரவு போதவில்லை என்று அந்தக் கட்டத்தில் ஒன்பது 9-களை நிரப்பின. அப்படிப் போடாதீர்கள் என்று 2025 மே மாதம் சிஎம்எஸ் சொல்லிவிட்டது. 2026-க்கான விதியில் அந்த மதிப்பீடும் போய், உண்மையில் அனுமதிக்கப்பட்ட தொகைகளின் (சேவைக்கு இவ்வளவு என்று இன்ஷூரன்ஸ் ஏற்றுக்கொண்டவை) இடைநிலை மதிப்பு, 10-வது, 90-வது சதமானம், எத்தனை பில்களிலிருந்து எடுத்தது என்ற எண்ணிக்கை எல்லாம் வேண்டும். எனவே கணக்கை ஒப்பந்தத்திலிருந்து தொடங்காதீர்கள். 12 முதல் 15 மாதங்களுக்கு இன்ஷூரன்ஸ்காரர்கள் அனுப்பிய, 835 என்ற மின்னணு வடிவத்தில் இருக்கும் பணப்பட்டுவாடா தரவை முதலில் எடுத்து வையுங்கள்.

அப்புறம், கோப்பு ஏறியதும் மருத்துவமனைக்கு வெளியே உள்ள ஒரு கணினியில் திறந்து பாருங்கள்.

நோயாளி தன் செலவை இணையத்தில் கணக்கிட்டுப் பார்க்கும் எஸ்டிமேட்டர் வைத்திருக்கிறோம். கோப்பும் வேண்டுமா?

வேண்டும். திட்டமிட்டுச் செய்துகொள்ளும் 300 சேவைகளின் பட்டியலுக்குத்தான் எஸ்டிமேட்டர் மாற்று. முழுக் கோப்புக்கு அல்ல.

கோப்பு போட்டும் எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது, அண்ணா.

லாகின் கேட்கிறதா? முகப்புப் பக்கத்தின் அடியில் இணைப்பு இருக்கிறதா? தளத்தின் மூலக் கோப்புறையில் கோப்பின் முகவரியைச் சொல்லும் டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறதா? இதற்குத்தான் வெளிக் கணினியில் திறக்கச் சொல்கிறேன். உள் நெட்வொர்க்கில் எல்லாமே திறக்கும்.

விலையை வெளியிட்டால் விலை ஏறும். டென்மார்க்கில் அதுதானே நடந்தது?

நடந்தது உண்மை. 1993-ல் அங்கே கான்கிரீட் விலைகளை அரசு வெளியிட, ஒரு வருஷத்துக்குள் 15 முதல் 20 சதவீதம் ஏறியது. விற்பவர்கள் சிலர்தான், ஒருவர் விலையை மற்றவர் பார்த்துக்கொண்டார்கள். ஓரிரு மருத்துவமனைகளே உள்ள ஊரில் இந்த அபாயம் குறைவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 2007-ல் விலைத் தளம் திறந்த பிறகு, ஸ்கேன் செலவு நோயாளிகளுக்குச் சுமார் 5 சதவீதம் குறைந்ததாக ஆய்வு உண்டு.

நோயாளி யாரும் இந்தக் கோப்பைத் திறப்பதில்லையே. அப்புறம் எப்படிக் குறையும்?

நோயாளி திறக்க வேண்டாம். ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தன் கையிலிருந்து கட்டும் முதலாளி திறக்கட்டும். தன் பேரில் பேசி முடித்த விலையே அவருக்குத் தெரியாமல் இருந்தது. சில இடங்களில் ரொக்கம் கட்டுபவரின் விலை, இன்ஷூரன்ஸ் பேசிய விலையைவிடக் குறைவு. இது கோப்புகள் வந்த பிறகுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது. அதை மீண்டும் மூடச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

எஸ்டிமேட்டர் இருந்தால் கோப்பு தேவையில்லைதானே?

மேலே சொல்லிவிட்டேன். தேவை.

எனக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. மதிப்பீட்டைவிட பில் அதிகம் வந்துவிட்டது.

அது வேறு சட்டம், எதிர்பாராத பில்களிலிருந்து நோயாளியைக் காக்கும் நோ சர்ப்ரைசஸ் ஆக்ட். எழுத்தில் தந்த மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடியிருந்தால் முறையிடலாம். பில் தேதியிலிருந்து 120 நாள்தான் அவகாசம். இன்றே தொடங்குங்கள்.

எஸ்டிமேட்டர்...

மூன்றாவது முறை. கோப்பு வேண்டும். வெளிக் கணினியில் திறந்தும் பாருங்கள்.