மவுத் ஆர்கனை நம்பிப் பிழைக்க முடியுமா?

கேள்வி: மவுத் ஆர்கன் வாசிப்பதையே முழுநேரத் தொழிலாக வைத்துக்கொண்டு வாழ முடியுமா? தொடங்குவதற்கு எதை வாங்கலாம்?

வாழ முடியும். ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது. 1994-லிருந்து இதில்தான் இருக்கிறேன். பிறந்தது கடலூர் திருப்பாப்புலியூர், இப்போது இருப்பது புதுச்சேரி முதலியார்பேட்டை.

உங்களுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும் என்று நினைக்கிறேன். படிப்பு முடிந்திருக்கும், முதலில் ஒரு வேலையில் சேரு, அப்புறம் ஊதிக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். என் அப்பாவும் அதையேதான் சொன்னார்.

இந்தப் பதிலைப் பார்த்ததும் 'திருவிழாக் கடையில் விற்கிற பொம்மைக்கு இவ்வளவு பேச்சா' என்று யாராவது எழுதுவார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மவுத் ஆர்கன் கலைஞர் லாரி ஆட்லர் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிப்பதற்கென்றே, இங்கிலாந்து இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் 1951-ல் ஒரு இசைக்கோவை எழுதிக் கொடுத்தார். பொம்மைக்கு யாரும் அப்படி எழுதித் தருவதில்லை. பெல்ஜியத்து ஜாஸ் மவுத் ஆர்கன் கலைஞர் டூட்ஸ் தீல்மான்ஸ் 91 வயதில்தான் மேடையை விட்டு ஓய்வு பெற்றார். அதே டூட்ஸ் கிட்டாரும் வாசித்தார், விசிலும் அடித்தார். நம் நாட்டில் 1964-ல் வந்த 'தோஸ்தி' படத்தில் மவுத் ஆர்கன் வாசித்தவர் ஆர்.டி. பர்மன், அவர் பிழைத்தது இசையமைத்து. 'ஷோலே'யில் வரும் அந்த மவுத் ஆர்கன் ஊதலுக்குச் சொந்தக்காரர் பானு குப்தா, அவர் கிட்டார்க்காரர். கடைசியாகச் சொன்ன மூவர் கையிலும் இன்னொரு வேலை இருந்ததைக் கவனியுங்கள். நான் பெரிய வித்வான் என்று இவர்களோடு என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இவர்களுக்கே அப்படி என்றால் நமக்கு எப்படி என்பதற்காகச் சொல்கிறேன்.

என் கதைக்கு வருகிறேன். 1999-ல் நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் மெல்லிசைக் குழுவில் எனக்குக் கச்சேரிக்கு 300 ரூபாய். மேடை ஏறும் முன் பெண் வீட்டார் எல்லோருக்கும் ரோஸ்மில்க் கொடுத்தார்கள். குடித்தேன், வாய் கொப்பளிக்கவில்லை. என்னுடையது க்ரோமாடிக், அதாவது பக்கத்தில் பட்டன் வைத்த வகை. பன்னிரண்டு ஓட்டை க்ரோமாடிக்கில் ஓட்டைக்கு நாலு ரீடு (மூச்சில் அதிர்ந்து ஒலி தரும் சின்ன உலோக நாக்கு) வீதம் 48 ரீடு இருக்கும். பட்டனை அழுத்தாமல் ஊதினால் ஒரு சுரம், அழுத்தி ஊதினால் அதிலிருந்து அரைக்கட்டை மேலே. மூன்றாவது பாட்டில் பல்லவி ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டனை அழுத்திப் பார்த்தேன். உள்ளே போனது வெளியே வரவில்லை. சர்க்கரைப் பிசுக்கு.

பாட்டின் சுருதி ஒரு கட்டை. என் கையில் இருப்பதோ இப்போது ஒன்றரைக் கட்டை மவுத் ஆர்கன். பல்லவி முடிந்ததும் வரும் இடையிசை முழுக்க என்னுடையது. உள்ளங்கையால் மூடி, மைக்குக்கு எட்டாமல் மெல்ல ஊதிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். கீபோர்டு நண்பரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தி, பட்டனைக் காட்டினேன். அவ்வளவுதான், மனிதருக்குப் புரிந்துவிட்டது. கிட்டார்காரரிடமும் பேஸ்காரரிடமும் காதோடு ஏதோ சொன்னார். பல்லவியின் கடைசித் தாளத்தில் கீபோர்டின் சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினார், அவர்கள் இருவரும் தந்தியில் விரலை ஒரு கட்டம் மேலே ஏற்றினார்கள், நான் ஊத ஆரம்பித்தேன். மொத்தக் குழுவும் அரைக்கட்டை ஏறி நின்றது. பாடகி திரும்பி ஒரு பார்வை பார்த்தார், ஆனால் சரணத்தை அந்தச் சுருதியிலேயே எடுத்தார். மேல் சுரத்தில் கொஞ்சம் திணறினார், விடவில்லை. வேண்டுமென்றே அப்படி அமைத்ததாக நினைத்துக் கூட்டம் கை தட்டியது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. அடுத்த பாட்டு எனக்கு இல்லை. பந்தி நடக்கும் இடத்துக்கு ஓடி, முன்பக்கத்துத் திருகுகளைக் கழற்றி, பட்டன் தகட்டை வெந்நீரில் அலசித் துடைத்து மாட்டினேன். அன்றிலிருந்து வாசிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை.

என்னைக் காப்பாற்றிய அதே கீபோர்டுதான் பிறகு என் இடத்தையும் எடுத்துக்கொண்டது. 2005 வாக்கில் 'மவுத் ஆர்கன் டோன் இதிலேயே வருதே, தனியா ஒரு ஆள் எதுக்கு' என்று குழு நடத்தியவர் கேட்டுவிட்டார். நண்பர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் அந்த டோனைக் கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கும். நம் வாத்தியத்தில் பாதிச் சுரம் மூச்சை உள்ளே இழுத்துத்தான் வரும். விசும்பல் மாதிரி கேட்பது அந்த இடத்தில்தான். பொத்தானில் மூச்சு எங்கிருந்து வரும்?

அதற்கப்புறம்தான் பாண்டிக்கு வந்தேன். கழுத்தில் மாட்டும் தாங்கியில் மவுத் ஆர்கனை வைத்துக்கொண்டு கிட்டாரும் வாசிக்கப் பழகினேன். சனி, ஞாயிறு இரவுகளில் ஓட்டல்களில் வாசிப்பு, மாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு, மீதி நேரத்தில் பழுது பார்ப்பது. ரீடின் நுனியில் துளி சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். சொல்ல எளிது, கை பழகுவதற்குள் இரண்டு நல்ல வாத்தியங்களைப் பாழாக்கினேன். இன்றைக்கு மாதாமாதம் தவறாமல் காசு தருவது வகுப்பும் பழுதும்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று யாரும் கோபிக்க வேண்டாம், இதையும் சொல்ல வேண்டும். 2017-ல் இந்த ஊரில் வாடகை வீட்டுக்கு அலைந்தேன். என்ன வேலை என்பார்கள். மியூசிக் என்றதும் 'ராத்திரி லேட்டா வருவீங்களா, குடிப்பீங்களா' என்று அடுத்த கேள்வி. நான் குடியைத் தொட்டதே கிடையாது. ஐந்து வீட்டில் மறுத்தார்கள். அதில் ஒரு வீட்டுக்காரர் மாடியை வார இறுதிச் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார். விடிய விடிய அவர்கள் போடும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். அது பரவாயில்லையாம், மாதம் பிறந்தால் வாடகை கொடுக்கிறவன் மவுத் ஆர்கன் ஊதுவதுதான் ஆகாதாம். இதில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

சரி, எதை வாங்குவது. பத்து ஓட்டை டயடானிக் (பட்டன் இல்லாத சின்ன வகை), சி கீ, அதாவது ஒரு கட்டைச் சுருதி. இருபத்துநாலு ஓட்டை இரட்டை வரிசை வேண்டாம். அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடு, ஒன்றுக்கொன்று கொஞ்சம் விலக்கிச் சுருதி சேர்த்திருப்பார்கள். கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் மூச்சாலேயே சுரத்தைக் கொஞ்சம் இறக்கி வளைக்கப் பழக அது உதவாது. க்ரோமாடிக் இப்போதைக்கு வேண்டாம், ஒரு வருஷம் போகட்டும். கடையில் வாயில் வைத்து ஊதிப் பார்க்க விடமாட்டார்கள், விடவும் கூடாது. சில கடைகளில் இதற்கென்று சின்னத் துருத்தி வைத்திருப்பார்கள், கேளுங்கள். பத்து ஓட்டையிலும் அழுத்தியும் இழுத்தும் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றும் தடங்கலில்லாமல் பேசுகிறதா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.