பேரல் கீழ இருக்குற ரினோ ரிவால்வர்: மணிக்கட்டு வலிக்காக மாத்தலாமா?

லாஸ்பேட்டை அண்ணன் ஒருத்தர் கேட்டிருக்கார்: "நான் ரிட்டயர்டு சொல்தா, பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவன், வயசு 62. ஆறு மாசம் பாண்டி, ஆறு மாசம் பிரான்ஸ்ல பொண்ணு வீடு. அங்க கிளப்ல மனுரான் எம்ஆர் 73ங்குற பிரெஞ்சு ரிவால்வர் வெச்சு 25 மீட்டர் சுடுறேன், .357 மேக்னம் தோட்டா. ஒரு வருசமா வலது மணிக்கட்டுல வலி. கியாப்பா ரினோ வாங்குங்க, கிக்கே தெரியாதுன்னு கிளப்ல சொல்றாங்க. மாத்தலாமா? அத இங்க கொண்டாந்து வெச்சுக்கலாமா?"

அண்ணே, மொதல்ல உங்களுக்கு கை எங்க வலிக்குதுன்னு பாருங்க, பதிலே அதுலதான் இருக்கு. மணிக்கட்டு மேல்நோக்கி மடங்குறப்ப வலியா, இல்ல கட்டைவிரல் அடில, உள்ளங்கை ஓரத்துல குத்துறாப்ல வலியா?

ஏன் கேக்குறேன்னா, சாதாரண ரிவால்வர்ல சிலிண்டரோட உச்சில இருக்குற அறைலேர்ந்துதான் குண்டு கெளம்பும், அதனால பேரல் நம்ம கைக்கு மேல நல்ல உசரத்துல நிக்கும். பீரோவ மேல்பக்கம் கை வெச்சு தள்ளுனா சாயும், அடில தள்ளுனா சாயாம நகரும் இல்லையா, அதே கதைதான், உசரத்துல உதை வாங்குற துப்பாக்கி வாய தூக்கிக்கிட்டு மணிக்கட்ட மடக்கும். ரினோல சிலிண்டரோட அடி அறைலேர்ந்து குண்டு போகுது, பேரல் ஏறக்குறைய நம்ம கை நேருக்கே எறங்கிடுது, அதனால வாய் தூக்குறது நெசமாவே கம்மி, இது விளம்பரம் இல்ல, நானே சுட்டு பாத்துருக்கேன். இத்தாலிக்காரர் எமிலியோ கிசோனி யோசிச்ச டிசைன் இது, முன்னாடி மட்டேபா ரிவால்வர்லயே பேரல கீழ எறக்குனவர், ரினோ கடைக்கு வர்றதுக்குள்ள 2008ல காலமாயிட்டார், பாவம்.

ஆனா வாய் தூக்கலன்னா உதை எங்கயோ மாயமா மறைஞ்சிடல அண்ணே. அது நேரா உள்ளங்கைக்குள்ள வருது. அதுலயும் ரினோ ஃப்ரேம் அலுமினியக் கலவை, உங்க மனுரான் மொத்தமும் ஸ்டீல், வெயிட்டு கொறஞ்சா அதே தோட்டாவுக்கு தள்ளு கூடத்தான் செய்யும். அதனால மடங்குற வலின்னா ரினோ ஒதவும், குத்துற வலின்னா ரினோ இன்னும் படுத்தும்.

இதுக்கு முன்னாடி செலவே இல்லாம ஒண்ணு பண்ணுங்க, மேக்னம விட்டுட்டு அதே துப்பாக்கில உதை கம்மியான .38 ஸ்பெஷல் தோட்டா போட்டு ரெண்டு மாசம் சுடுங்க. பேப்பர் டார்கெட்டுக்கு மேக்னம் எதுக்கு? 25 மீட்டர்ல நிதானமா ஒவ்வொண்ணா சுடுறவருக்கு வாய் தூக்குனா என்ன, அடுத்த குண்டுக்கு அவசரமே இல்லையே. சடசடன்னு அஞ்சாறு சுடுற போட்டிக்காரங்களுக்குத்தான் ரினோ முழு பலன் குடுக்கும்.

ட்ரிகர் விசயத்துல நான் மனுரான் பக்கம்தான். 1973 மாடல், பிரான்ஸோட ஜிஐஜிஎன் கமாண்டோக்கள் கையில இருந்த சாமான், வெண்ணெய்ல கத்தி எறங்குறாப்ல இருக்கும். ரினோல, தோட்டாவ அடிக்கிற ஹேமர மொதல்ல பின்னாடி இழுத்து வெச்சு (காக் பண்ணி) சுடுற சிங்கிள் ஆக்‌ஷன் நல்லாருக்கு, ட்ரிகர ஒரே இழுப்பா இழுத்து சுடுற டபுள் ஆக்‌ஷன் எனக்கு கனமாத்தான் பட்டுச்சு. பேரல் கீழ போனதால ஹேமரும் உள்ள போயிடுச்சு, வெளில ஹேமர் மாதிரி தெரியுறது ஹேமரே இல்ல, வெறும் காக்கிங் லீவர், இழுத்து விட்டா திரும்ப முன்னாடியே வந்து உக்காந்துக்கும், பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். மேல சின்னதா ஒரு செவப்பு முனை எட்டிப் பாக்குதா, அப்ப காக் ஆகியிருக்குன்னு அர்த்தம். நாப்பது வருசம் ஹேமர பாத்தே பழகுன கண்ணுக்கு இது ஆபத்து, சுடாம எறக்கணும்னா அந்த லீவர பின்னாடி முழுசா இழுத்துப் புடிச்சுக்கிட்டு, ட்ரிகர அமுக்கி, மெதுவா முன்னாடி விடணும், காலி சிலிண்டர்ல நூறு தடவயாவது பழகாம தோட்டா போடாதீங்க.

இன்னொன்னு, சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல இருக்குற இடுக்குல சூடான வாயு பக்கவாட்டுல பீய்ச்சி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும். ரினோல அந்த இடுக்கு கீழ, விரலுக்குப் பக்கத்துல வந்துடுது. எடது கட்டைவிரல நீட்டிப் புடிக்கிற பழக்கம் இருந்தா இன்னைக்கே விடுங்க, தோல் கிழிஞ்சிடும். குறி பாக்குற சைட் வேற பேரலுக்கு மேல ரொம்ப உசரத்துல இருக்கு, 25 மீட்டர்ல செட் பண்ணிட்டு 7 மீட்டர்ல சுட்டா குண்டு கீழ விழும், கை சாஞ்சா தப்பும் பெருசா தெரியும். ரிப்பேர்னா வீட்ல திறக்காதீங்க. நண்பர் ஒருத்தரோடத திறந்தேன், இத்தன வருசம் துப்பாக்கி ரிப்பேர் பாக்குற ஆர்மரரா இருந்தும் அந்த குட்டி லீவர்களையும் ஸ்ப்ரிங்குகளையும் திரும்ப உக்கார வைக்க ஒரு சாயங்காலம் பூரா போச்சு.

ஆக கிளப்ல யாரோடதாவது வாங்கி 50 குண்டு சுட்டுப் பாருங்க, மறுநாள் காலைல கை என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. வாங்குறதா இருந்தா அங்கயும் அது அனுமதி இல்லாம வெச்சுக்க முடியாத பி கேட்டகிரி ஆயுதம், பிரெஃபெக்சூர்னு சொல்ற அரசு ஆபீஸ் அனுமதி வேணும்.

பாண்டிக்கு? வேணாம்ணே. பிரெஞ்சு அனுமதி இங்க செல்லாது, 1959 ஆயுதச் சட்டப்படி இங்க தனி லைசென்ஸ் வேணும், அது இல்லாம கொண்டாந்தா நேரா கிரிமினல் கேஸ்தான். தோட்டாவுக்கும் அதே சட்டம். ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போற பைய ஊருக்கு வர்றப்ப தயவுசெஞ்சு எடுக்காதீங்க, சைடு பாக்கெட்ல மறந்துபோன ஒத்த தோட்டா கெடந்தா கூட சென்னை ஏர்போர்ட்ல உக்கார வெச்சிடுவாங்க.