கேள்வி பதில்: செய்தி வந்தது சரி, பலன் வந்ததா?

கேள்வி: எங்களைப் பற்றி ஊடகங்களில் வெளியான செய்திகளின் 'விளம்பர மதிப்பு' இத்தனை லட்சம் என்று எங்கள் மக்கள் தொடர்பு (பி.ஆர்.) ஏஜென்சி மாதாமாதம் அறிக்கை தருகிறது. நம்பலாமா?

பதில்: வேண்டாம். செய்தி எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று அளந்து, அதே இடத்தில் விளம்பரம் போட்டால் ஆகும் கட்டணத்தால் பெருக்குகிறார்கள். செய்திக்கு நம்பகம் அதிகம் என்று சொல்லி அதை இன்னொரு மூன்றால் பெருக்குபவர்களும் உண்டு. ஏன் மூன்று, ஏன் நான்கு இல்லை என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறிவிடும்.

அறிக்கையோடு வரும் கிளிப்பிங்குகளில் (செய்தி நறுக்குகளில்) ஒன்றைக் கையில் எடுத்துப் படியுங்கள். அரைப் பக்கக் கட்டுரை முழுக்க உங்கள் போட்டியாளரைப் பற்றி இருக்கும். கடைசிப் பத்தியில் 'இதே துறையில் உள்ள மற்றவர்கள்' என்ற வரியில் உங்கள் பெயர் ஒரு தடவை வரும். கணக்கில் அரைப் பக்கமும் உங்களுடையது! திட்டி எழுதினாலும் அதே மதிப்புதான்.

2010-ல் அமெக் என்ற சர்வதேச அளவீட்டு அமைப்பின் மாநாட்டில், மக்கள் தொடர்புப் பணியை எப்படி அளப்பது என்பதற்கான பார்சிலோனா கோட்பாடுகள் ஏழு உருவாயின. விளம்பரச் சமமதிப்பு, அதாவது உங்கள் ஏஜென்சி சொல்லும் 'விளம்பர மதிப்பு', மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்பது அவற்றில் ஒன்று. 2015, 2020 திருத்தங்களிலும் அந்தக் கருத்து நீடித்தது.

கேள்வி: அப்படியானால் எதைத்தான் அளப்பது?

பதில்: ரத்த தானம் பற்றிப் பிரசாரம் செய்கிறீர்கள் என்று வையுங்கள். 40 செய்திகள் வந்தது உங்கள் உழைப்பின் கணக்கு. படித்தவர்களுக்கு 'ரத்தம் கொடுத்தால் பலவீனம் வராது' என்ற விஷயம் மனதில் நின்றதா என்பது அடுத்த படி. முதல் தடவையாகக் கொடுக்க வந்தவர்கள் கூடினார்களா? அதுதான் பலன். இதற்குப் பிரசாரம் தொடங்கும் முன்பே ஒருமுறை கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். முடிந்தபிறகு அளக்க உட்கார்ந்தால் ஒப்பிட எதுவும் இருக்காது. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

கேள்வி: '5 கோடிப் பேரை எட்டியது' என்கிறார்களே?

பதில்: செய்தி வந்த ஒவ்வொரு இணையதளத்தின் மொத்த மாத வாசகர்களையும் கூட்டியிருப்பார்கள். ஒரே ஆள் ஐந்து தளம் பார்த்தால் ஐந்து பேர். உங்கள் செய்தி இருந்த பக்கத்தைத் திறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

கேள்வி: செய்தி சாதகமா பாதகமா என்று மென்பொருளே பிரித்துத் தருகிறது. போதாதா?

பதில்: 'அடடா, என்ன சேவை! மூன்று மணி நேரம் நின்றதில் காலுக்கு நல்ல பயிற்சி.' இதைப் பாராட்டுக் கணக்கில் சேர்த்துவிடும் மென்பொருள்கள் உண்டு. முக்கியமான ஊடகங்களில் வந்தவற்றையாவது இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து மதிப்பெண் போடட்டும். இருவரும் அடிக்கடி முரண்பட்டால், எது சாதகம், எது பாதகம் என்ற உங்கள் விதியே தெளிவாக இல்லை.

கேள்வி: நாங்கள் சின்ன அமைப்பு. சர்வே எடுக்கப் பணமில்லை.

பதில்: விண்ணப்பப் படிவத்தில் 'எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?' என்று ஒரு வரி சேருங்கள். செய்திக்குறிப்பில் தனி இணைப்பு (லிங்க்) கொடுங்கள், அதன் வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியும். செய்தி வந்த தேதிகளையும், தொலைபேசி விசாரிப்புகளையும் ஒரே நோட்டில் குறியுங்கள். செலவு ஒன்றுமில்லை.

கேள்வி: செய்தி வந்த மாதம் விற்பனை கூடியது. எங்கள் வேலைதானே?

பதில்: அந்த மாதம் தள்ளுபடி கொடுத்தீர்களா? பண்டிகை ஏதும் வந்ததா? அந்தச் செய்தி எட்டாத பகுதி ஒன்று இருந்தால் அங்கேயும் விற்பனை கூடியதா என்று பாருங்கள். அங்கேயும் அதே அளவு கூடியிருந்தால், பாராட்டைத் தள்ளுபடிக்கே கொடுத்துவிடுங்கள்.