குடும்பத்துடன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகும்போது எப்படிப் பார்ப்பது நல்லது?

சிறு பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் அழைத்துச் செல்லவிருப்பதாகவும், பிள்ளைகள் டைனோசரைப் பார்த்தவுடன் சலித்துப்போய்விடுவார்களோ என்று அஞ்சுவதாகவும் கேட்டிருந்தீர்கள். எல்லா அரங்குகளையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் 14 கோடிக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சுமார் 8 கோடி. இவற்றில் காட்சிக்கு வைக்கப்படுவது மிகச் சிறு பகுதிதான் என்றாலும், அதைக்கூட ஒரே நாளில் நிதானமாகப் பார்க்க முடியாது. ஆகவே ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு, அதற்கான விடையை அரங்கு அரங்காகத் தேடிச் செல்வதே சிறந்த வழி என்பது என் அனுபவம்.

எங்கள் குடும்பத்தில் நாங்கள் எடுத்துக்கொள்ளும் கேள்வி, "இதன் கை எங்கே இருக்கிறது?" என்பது. உள்ளே நுழைவதற்கு முன் பிள்ளைகளைத் தங்கள் கையைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்கையில் ஓர் எலும்பு, முன்கையில் இரண்டு, மணிக்கட்டில் பல சிறு எலும்புகள், அதன் பிறகு விரல்கள். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு எந்த எலும்புக்கூட்டின் முன் நின்றாலும் பார்ப்பதற்கு ஏதாவது கிடைத்துவிடும். வௌவாலின் இறக்கைச் சவ்வைத் தாங்கி நிற்பவை குடைக்கம்பிகளைப் போல நீண்டுவிட்ட விரல்கள். குதிரை ஒவ்வொரு காலிலும் நடுவிரல் ஒன்றை மட்டுமே ஊன்றி நிற்கிறது. குளம்பு என்பது அந்த விரலின் நகம். மூன்று விரல்களுடன் வாழ்ந்த பழங்காலக் குதிரை இனங்களின் கால் எலும்புகளை அருகருகே வைத்திருக்கும் அருங்காட்சியகங்களில், பக்க விரல்கள் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே வந்ததைக் குழந்தைகள் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

லண்டன் அருங்காட்சியகத்தின் மைய மண்டபத்தில் 2017 முதல் 25.2 மீட்டர் நீளமுள்ள நீலத்திமிங்கில எலும்புக்கூடு ஒன்று தொங்குகிறது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு அதன் பிரம்மாண்டம் தெரியும். மாடிப்படி ஏறி மேல்தளத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத்தான் அதன் துடுப்பு தெளிவாகத் தெரியும். என் மகள் அங்கே கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, விரல்களை எண்ணிவிட்டு, "இதற்கு நான்குதான் இருக்கிறது, ஆனால் ஒரு விரலில் நம்மைவிட நிறையக் கணுக்கள் இருக்கின்றன" என்றாள். அவள் சொன்னது முழுக்கச் சரி. அந்த ஒரு துடுப்பின் முன் நாங்கள் நின்ற நேரத்தில் எத்தனையோ பேர் படம் எடுத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள்.

இந்தக் கேள்வி டைனோசர் அரங்கிலும் கைகொடுக்கும். டைரனோசரஸின் குட்டைக் கையில் இரண்டு விரல்களே இருக்கும். பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ள ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற, டைனோசருக்கும் பறவைக்கும் இடைப்பட்ட உயிரினத்தின் புதைபடிவத்தில் நகமுள்ள மூன்று விரல்களும் அவற்றைச் சுற்றி இறகுகளின் பதிவும் ஒரே கல்லில் தெரிகின்றன. அதன் பிறகு ஒரு கோழியின் அல்லது புறாவின் எலும்புக்கூட்டைக் காட்டினால், ஒன்றோடொன்று இணைந்துபோன விரல் எலும்புகளைப் பார்த்துப் பறவைகள் டைனோசர்களிலிருந்து வந்தவை என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

"இது உண்மையான எலும்பா?" என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். பெயர்ப்பலகையைச் சேர்ந்து படியுங்கள். சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் உள்ள 'சூ' என்ற டைரனோசரஸ் 1990இல் கண்டெடுக்கப்பட்டது. கிடைத்தவற்றில் மிக முழுமையான டைரனோசரஸ்களில் அதுவும் ஒன்று. ஆனால் அதன் உடலில் பொருத்தப்பட்டிருக்கும் தலை ஒரு வார்ப்பு, அதாவது அச்சில் வார்த்தெடுத்த நகல். உண்மையான மண்டையோடு மிகவும் கனமானது என்பதால் தனிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. வார்ப்பு என்று தெரிந்தவுடன் ஏமாற்றம் அடைய வேண்டியதில்லை. எலும்பின் வடிவத்தை அது அப்படியே காட்டும். விரிசலும் நிறவேறுபாடும் உள்ள அசலைப் பிறகு பக்கத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பாடம் செய்யப்பட்ட விலங்குகளின் காட்சிப் பெட்டகங்கள் வயதான பெற்றோருக்குப் பிடிக்கும். அங்கே உட்கார இடம் இருந்தால் அவர்களை நிதானமாக அமர விடுங்கள். தோலும் இறகும் வெளுத்துவிடாமல் இருப்பதற்காக அங்கே விளக்கொளியைக் குறைத்து வைத்திருப்பார்கள் என்பதால், கண் பழகச் சற்று நேரம் ஆகும். "இவற்றைக் கொன்றுதான் வைத்தார்களா?" என்று குழந்தை கேட்டால் மழுப்பாதீர்கள். பழைய பெட்டகங்களில் உள்ள பல விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டவையே. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கொரில்லாக் காட்சியை உருவாக்கிய கார்ல் ஏக்லியே அந்தக் கொரில்லாக்களை வேட்டையாடச் சென்றவர். பின்னர் அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று வாதாடியவரும் அவரே. அதன் பயனாக 1925இல் காங்கோவில் அமைந்த பூங்காதான் இன்றைய விருங்கா தேசியப் பூங்கா. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே குழந்தைகளிடம் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இறந்தவற்றைச் சேர்த்து வைப்பதால் என்ன பயன் என்று பெரிய பிள்ளைகள் கேட்டால், பறவை முட்டைகளின் கதையைச் சொல்லுங்கள். பிரிட்டனில் வல்லூறுகளின் எண்ணிக்கை குறைந்துவந்த காலத்தில், டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் பழைய முட்டைச் சேகரிப்புகளை எடுத்து ஓடுகளை ஒப்பிட்டார். 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்துவிட்டதை அவர் 1967இல் வெளியிட்டார். அதற்கு டி.டி.டி. பூச்சிக்கொல்லியே காரணம் என்பது பிறகு உறுதியாயிற்று. 1972இல் அமெரிக்கா அதன் பயன்பாட்டைப் பெருமளவில் தடை செய்தது. யாரோ எப்போதோ தேதியிட்டு இழுப்பறையில் வைத்த முட்டைகள் இல்லாவிட்டால், அந்த ஒப்பீட்டைச் செய்ய வழியே இருந்திருக்காது.

நேரத்தைப் பொறுத்தவரை, திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். இரண்டு மணி நேரம் போதும். மிகச் சிறிய குழந்தை இருண்ட அரங்கையோ பல்லைக் காட்டி நிற்கும் விலங்கையோ பார்த்துப் பயந்தால் வற்புறுத்த வேண்டாம். வீட்டில் ஒருவர் அந்தக் குழந்தையைக் கனிமங்கள் இருக்கும் அரங்குக்கு அழைத்துச் சென்றுவிட்டால், மற்றவர்கள் எலும்புகளின் முன் அவசரமில்லாமல் நிற்கலாம்.