ஜூன் 1-ல் பிறந்தவர்கள்

கேள்வி: விமானப் பணிப்பெண்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. சம்பளமும் கொடுத்து ஊர் சுற்றவும் விடுகிறார்கள். லீவு நாளைக்கூட ஏதாவது ஒரு வெளிநாட்டில் கழிக்கிறார்கள். மறக்க முடியாத அனுபவம் என்று அவர்கள் எதைச் சொல்வார்கள்?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்தப் ‘பணிப்பெண்’. இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய சண்டை. கட்டுரைகளில் கண்ணில் பட்டால் அடித்துவிடுவேன். எங்கள் பிழைதிருத்துநர் உடனே அகராதியோடு வந்து நிற்பார். அகராதியில் இருக்கிறது, சரி. ராணிக்கு விசிறி வீசுகிறவருக்கும் அதே சொல்தானே?

இந்த வேலையை முதலில் பார்த்தவர் பெண்ணே இல்லை. 1912-ல் ஜெர்மனியின் ஜெப்பலின் வான்கப்பலில் சேர்ந்த ஹைன்ரிக் கூபிஸ் என்பவர். 1937-ல் ஹிண்டன்பர்க் என்ற வான்கப்பல் தீப்பிடித்து விழுந்தபோதும் அவர் அதில் வேலையில் இருந்தார். தரை நெருங்கும்வரை பொறுத்திருந்து, சாப்பாட்டு அறையில் இருந்தவர்களை ஜன்னல் வழியாகக் குதிக்கச் சொன்னார். தானும் குதித்துப் பிழைத்தார்.

பெண்களில் முதலாமவர் அமெரிக்காவின் எலன் சர்ச். வருடம் 1930. நர்ஸ். விமானம் ஓட்டவும் கற்றவர். ஓட்டுகிற வேலை கிடைக்கவில்லை என்றதும், பயணிகளைக் கவனிக்க நர்ஸ்களை ஏற்றுங்கள் என்று யோசனை சொல்லி உள்ளே நுழைந்தார். அவரும் அவரோடு சேர்ந்த ஏழு நர்ஸ்களும் பெட்டி தூக்கினார்கள், லொடலொடத்த இருக்கைகளைத் திருகி முடுக்கினார்கள். நம் ஊரிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. முதல் கர்ப்பத்தோடு வேலை போய்விடும் என்று ஏர் இந்தியாவில் ஒரு விதி இருந்தது. நர்கேஷ் மீர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது 1981-ல்தான்.

அப்புறம் டோக்கியோ. 2024 ஜனவரி 2, ஹனேடா விமான நிலையம். தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல் விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. சின்ன விமானத்தில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். பெரிய விமானத்தில் 379 பேர் இருந்தார்கள். அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. எட்டுக் கதவுகளில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. எந்தக் கதவுக்கு வெளியே நெருப்பு என்று ஜன்னலில் பார்த்துத் தீர்மானித்து, மெகாஃபோனிலும் வெறும் தொண்டையிலும் கத்திக் கத்தி அத்தனை பேரையும் இறக்கினார்கள் அந்த ஊழியர்கள். விமானம் பிறகு முழுதாக எரிந்துபோனது. காபி கொடுப்பது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. அவர்கள் விமானத்தில் இருப்பது இதற்காக.

இன்னொன்றும் இருக்கிறது. ஹனேடாவில் பயணிகள் பெட்டிகளை விட்டுவிட்டு இறங்கினார்கள். நம் சென்னையில் சக்கரம் தரையைத் தொட்டதும் பாதிப் பேர் எழுந்து நின்று மேலே இருக்கும் பெட்டியை இழுக்கிறார்கள். “உட்காருங்கள் சார்” என்று அந்தப் பெண் கெஞ்சுவது யார் காதிலும் விழுவதில்லை. ஒரு புது ரகப் பெரிய பயணிகள் விமானம் பறக்க அனுமதி வாங்க வேண்டுமென்றால், பாதிக் கதவுகளை அடைத்துவிட்டு, நிறைந்த விமானத்தை 90 விநாடியில் காலி செய்து காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் பெட்டிக்கு இடம் கிடையாது. அடுத்த முறை தயவுசெய்து உட்காருங்கள்.

சரி, உங்கள் கேள்வி. எங்கள் தெருவில் வளர்ந்த பெண் ஒருவர் பல வருடம் வளைகுடா விமானங்களில் இருந்தார். அவரிடம் கேட்டேன். வெளிநாட்டு ஓய்வு நாள் என்றால் பெரும்பாலும் ஹோட்டல் திரையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவதுதானாம். எழுந்தால் பகலா ராத்திரியா என்று தெரியாது. ஜப்பானில் நரிதாவில் தங்கும்போது மட்டும் நடந்தே கோயிலுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்திருப்பாராம். ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழைய கோயில் அது. யாரும் தண்ணீர் கேட்டுக் கூப்பிடாத இடம் என்று சொன்னார்.

மறக்க முடியாதது எது என்றதற்கு, துபாயிலிருந்து வந்த ஒரு ராத்திரியைச் சொன்னார். இந்தியாவில் இறங்குமுன் எல்லோரும் ஓர் அட்டை நிரப்ப வேண்டியிருந்த காலம். கட்டட வேலைக்குப் போய்த் திரும்பியவர்களில் எழுத வராத பதினொரு பேருக்கு வரிசையாக எழுதிக் கொடுத்திருக்கிறார். பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதுகிறார், பிறந்த தேதி ஜூன் 1. அடுத்தவர், ஜூன் 1. நாலாவது ஜூன் 1 வந்ததும் கை நின்றுவிட்டது. ஏதோ கோளாறு என்று நினைத்திருக்கிறார். ஜன்னலோரம் இருந்த பெரியவர் புரிந்துகொண்டு சொன்னாராம்: “அது வாத்தியார் வெச்ச தேதிம்மா. பள்ளிக்கூடம் ஜூன்ல தொறக்கும்ல, அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும்னு அவரே போட்டுக்கிட்டாரு. ரெண்டு வருசத்துல படிப்பு நின்னுபோச்சு, தேதி மட்டும் கூடவே வருது. எங்க ஆத்தாவுக்குத் தெரிஞ்சதெல்லாம், நான் கடலை பிடுங்கையில பொறந்தேன்கறதுதான்.”

அடுத்த லீவுக்கு வீட்டுக்கு வந்ததும் தன் அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஜூன் 3. கேட்டால், “நான் பொறந்தது ஐப்பசி அடைமழையில. தேதி யாருக்குத் தெரியும்?” என்றாராம் அப்பா.

அதற்குப் பிறகு வேலையில் இருந்தவரை, ஐப்பசியில் ஒரு வாரம் லீவு எழுதிக்கொடுத்து ஊருக்கு வந்துவிடுவார். தேதி தெரியாததால் ஏழு நாளும் பாயசம். ஒரு வருடம் நானும் போய்ச் சாப்பிட்டேன். வெளியே நல்ல மழை.